ரகசியம் தங்காத ஊர்

ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தொழில்நுட்பம் எப்படிக் கை மாறுகிறது?

கைக்குள் அடங்கும் ஒரு பிளக். மின்சார ஸ்கூட்டரில் செருகி சார்ஜ் ஏற்றுவதற்கானது. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஏத்தர் எனர்ஜி, தன் வண்டிகளுக்காகச் சொந்தமாக உருவாக்கிய அந்தப் பிளக்கின் வடிவமைப்பை 2021 ஆகஸ்டில் மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். அடுத்த ஆண்டு சந்தைக்கு வந்த ஹீரோ மோட்டோகார்ப்பின் ‘விடா’ ஸ்கூட்டரில் அதே பிளக் இருந்தது. 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதை ஐ.எஸ். 17017 வரிசையில் தேசியத் தரமாகவே ஏற்றுக்கொண்டது. வீட்டு மின்சாரத்தில் மெதுவாக ஏற்றுவதற்கும் சாலையோர நிலையத்தில் வேகமாக ஏற்றுவதற்கும் அது ஒன்றே போதும்.

ஆள் போட்டு, பணம் போட்டு உருவாக்கியதை எதற்காகப் போட்டியாளர் கையில் கொடுக்க வேண்டும்? தர்ம சிந்தனை என்று நினைத்துவிட வேண்டாம். எல்லா வண்டிக்கும் ஒரே பிளக் என்றால் சார்ஜிங் நிலையம் வைக்கிறவருக்கு வியாபாரம் கூடும். நிலையங்கள் கூடினால் மின் ஸ்கூட்டர் வாங்கத் தயங்குகிறவரின் பயம் குறையும், ஏத்தர் வண்டியும் கூடுதலாக விற்கும். ஏத்தரில் ஹீரோ 2016-லிருந்தே பங்கு வைத்திருக்கிறது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு சரியானதுதான். ஆனால் ஓசூரின் சின்ன ஷெட்களில் இதே கணக்கைப் பத்திரிகைச் செய்தி இல்லாமல், கையெழுத்து இல்லாமல் ரொம்ப காலமாகவே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மைக்ரோமீட்டரை நம்பாதே

ஒரு ஜாப் ஒர்க் ஷெட், அதாவது மற்ற ஆலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை. கணினி ஓட்டும் இரண்டு சி.என்.சி. லேத், ஒரு வி.எம்.சி. மில்லிங் மெஷின், மூலையில் பழைய டிரில்லிங் மெஷின். வந்திருக்கும் ஆர்டர் ஒரு வளையம். வெளிவிட்டம் 80 மில்லிமீட்டர், சுவர் கனம் வெறும் 3 மில்லிமீட்டர். வட்டத்தில் 20 மைக்ரானுக்கு மேல் பிசகு இருக்கக் கூடாது என்கிறது டிராயிங். நம் தலைமுடியே அதைவிடத் தடிமன்.

லேத்தில் பொருளைப் பிடிக்கும் சக்கின் மூன்று தாடைகளுக்கு நடுவே வளையத்தை இறுக்கிப் பிடித்து உள்பக்கம் குடைகிறார் செட்டர். பிடியில் இருக்கும்வரை வட்டம் சுத்தமாக இருக்கிறது. தாடையைத் தளர்த்தியதும் அமுங்கியிருந்த சுவர் நிமிர்கிறது, குடைந்த வட்டம் மூன்று மேடுள்ள ஒரு வடிவமாகிவிடுகிறது. கண்ணுக்கும் தெரியாது. கொடுமை என்னவென்றால் மைக்ரோமீட்டருக்கும் தெரியாது. அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலுள்ள தூரத்தைத்தான் அளக்கும். இந்த வடிவத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் நேரெதிரே ஒரு பள்ளம் இருப்பதால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒரே அளவு காட்டும். பீஸ் ஓகே என்று அனுப்பினால் மொத்த லாட்டும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும்.

இப்படி மாட்டிக்கொண்ட புதுப் பையன் பக்கத்து ஷெட்டில் போய் நின்றால் கிடைக்கிற பதில் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: “வி-பிளாக்ல போட்டு டயல் வெச்சு சுத்திப் பாத்தியா தம்பி? மைக்ரோமீட்டர நம்பாத. சாஃப்ட் ஜா போட்டு அடி.” வளையத்தை வி-பிளாக்கில் படுக்க வைத்து, டயல் கேஜ் முனையை உள்சுவரில் தொட விட்டு உருட்டினால் முள் ஆடும். அந்த ஆட்டம்தான் குறை. சாஃப்ட் ஜா என்பது கடினப்படுத்தாத இரும்புத் தாடை. அதை சக்கில் மாட்டி, அந்தத் தாடையையே வளையத்தின் விட்டத்துக்குக் குடைந்துகொள்ள வேண்டும். பிறகு அது மூன்று இடத்தில் கடிக்காது, சுற்றிலும் அணைத்துப் பிடிக்கும்.

சொல்லிக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். தானே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வாரக்கணக்கும் ஒரு லாட் இரும்பும் போகும். சொல்லிக் கொடுத்த அண்ணனும் இதே வளையத்துக்கு அடுத்த மாதம் கொட்டேஷன் போடக்கூடியவர்தான். ஆனாலும் சொல்கிறார். அவருக்கும் ஒரு நாள் இன்செர்ட் (வெட்டும் முனை) தீர்ந்துபோகும், சி.என்.சி. அலாரம் அடித்து நிற்கும், ஒரே ஷெட்டால் முடிக்க முடியாத பெரிய ஆர்டர் வரும். அப்போது போய் நிற்க வேண்டிய வாசல் இதுதான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து புழங்கும் ஊரில் இந்தப் பேச்சுக்கு மொழி ஒரு தடையே இல்லை.

கார்ன்வாலில் ஒரு மாதப் பத்திரிகை

போட்டியாளர்களே இப்படிச் சொல்லிக் கொடுப்பதற்குப் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் ‘கூட்டுக் கண்டுபிடிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1983-ல் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட் ஆலன். அவர் ஆராய்ந்தது இங்கிலாந்தின் கிளீவ்லேண்ட் வட்டாரத்து இரும்பு உலைகளை. உலையை எவ்வளவு உயரமாகக் கட்டினால், காற்றை எவ்வளவு சூடாக ஊதினால் நிலக்கரி மிச்சமாகும் என்பதை அங்கே இருந்த போட்டி நிறுவனங்கள் ஒளிக்காமல் பேசிக்கொண்டன. 1850-களில் 50 அடி உயரத்தில் இருந்த உலைகள் 1870-களுக்குள் 80 அடிக்கு வளர்ந்தன. அந்த உயரத்துக்கு யார் பெயரிலும் காப்புரிமை கிடையாது.

அதைவிடச் சுவையானது அதே இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்க வட்டாரத்துக் கதை. ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்துக்கான காப்புரிமை 1800-ல்தான் காலாவதியானது. அதுவரை கார்ன்வாலின் சுரங்க முதலாளிகள், வாட் இயந்திரத்தால் மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை அவர் நிறுவனத்துக்குக் கப்பம்போலக் கட்டிவந்தார்கள். மேம்பாடு செய்ய முயன்றவர்கள் மீது வழக்கு பாய்ந்தது. காப்புரிமை ஒழிந்ததும் அந்த வட்டாரத்துப் பொறியாளர்களுக்குக் காப்புரிமை என்ற சொல்லே கசந்துவிட்டது. 1811 முதல் ‘லீன்ஸ் எஞ்சின் ரிப்போர்ட்டர்’ என்ற மாத அறிக்கை வரத் தொடங்கியது. எந்தச் சுரங்கத்தில் எந்தப் பொறியாளரின் இயந்திரம், ஒரு மூட்டை நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்று பட்டியல் போட்டு அது அச்சிட்டது. ரிச்சர்ட் டிரெவிதிக் 1812-ல் உருவாக்கிய உயரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கவே இல்லை. அடுத்த 30 ஆண்டுகளில் அந்த வட்டாரத்து இயந்திரங்களின் சராசரித் திறன் மூன்று மடங்கு உயர்ந்தது.

கார்ன்வால்காரர்கள் மட்டும் என்ன மகாத்மாக்களா? அங்கே பணம் போட்டவர்கள் ஒரே சுரங்கத்தில் போடவில்லை, பல சுரங்கங்களில் பங்கு வைத்திருந்தார்கள். ஒரு சுரங்கத்தின் தந்திரம் அடுத்ததற்குப் போனாலும் லாபம் அவர்கள் பைக்குத்தான் வந்தது. பொறியாளருக்கோ, அறிக்கையில் பெயர் மேலே வந்தால் அடுத்த வேலை தேடி வரும். கொடுத்தவருக்கு ஏதோ ஒரு வழியில் திரும்பி வரவேண்டும். ஓசூர் ஷெட்டானாலும் கார்ன்வால் சுரங்கமானாலும் பகிர்வு நிற்பது அந்த ஒற்றைக் காலில்தான். அந்தக் கால் உடைகிற இடங்களும் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

அத்திப்பள்ளி தாண்டி வந்தவர்கள்

ஓசூருக்கு இந்த வித்தையெல்லாம் எங்கிருந்து வந்தது? சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே 1940-ல் ஹெச்.ஏ.எல்., 1953-ல் ஹெச்.எம்.டி. என்று பொதுத்துறைப் பட்டறைகள் எழுந்து டர்னர், ஃபிட்டர், டூல் மேக்கர் என்று ஒரு தலைமுறையையே உருவாக்கியிருந்தன. இந்தப் பக்கம் அன்றைய தர்மபுரி மாவட்டம் பின்தங்கிய பகுதி. அங்கே ஆலை வைத்தால் சலுகை கிடைத்தது. 1971-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் சிப்காட், கர்நாடக எல்லையை ஒட்டி ஓசூரில் தொழிற்பேட்டையை விரித்தது. நிலமும் சலுகையும் தமிழ்நாட்டுடையவை, கைத்திறனில் நிறைய எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டி வந்தது. எல்லைக் கோடு ரேஷன் கார்டுக்குத்தான், வித்தைக்கு இல்லை.

1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரில் பிறந்தது. அதே ஆண்டு அசோக் லேலண்டின் ஆலையும் இங்கே வந்தது. பிறகு டி.வி.எஸ்.சுக்கு ஜப்பானின் சுசுகியோடு கூட்டு, 1984-ல் இந்த்-சுசுகி மோட்டார் சைக்கிள். ஜப்பானிய டிராயிங்குகளை வைத்துத் தயாரிப்பதும், ஏன் அந்த அளவு அப்படி என்று புரிந்துகொள்வதும் வேறு வேறு. இரண்டாவதற்குக் கிட்டத்தட்ட 17 ஆண்டு பிடித்தது. 2001-ல் சுசுகி பிரிந்து போன அதே ஆண்டில், சொந்தமாக வடிவமைத்த ‘விக்டர்’ நான்கு ஸ்ட்ரோக் பைக்கை டி.வி.எஸ். வெளியிட்டது. அடுத்த ஆண்டு தர நிர்வாகத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு. 2013-ல் பி.எம்.டபிள்யூ.வோடு ஒப்பந்தம் போட்டு, ஜி 310 ஆர் என்ற ஜெர்மன் பெயர் கொண்ட பைக்கை ஓசூரிலிருந்து உலகத்துக்கு அனுப்பினார்கள். 2020-ல் நார்ட்டன் என்ற பழம்பெரும் பிரிட்டிஷ் பைக் நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார்கள்.

டைட்டன் கதையில் வித்தை கை மாறுவது இன்னும் துலக்கமாகத் தெரியும். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் சொல்லிக் கொடுக்க, ஹெச்.எம்.டி. பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கியபோது, ஹெச்.எம்.டி.யில் கை பழகியவர்கள் பலர் ஓசூருக்கு வந்தார்கள். குவார்ட்ஸ் இயக்கத்துக்கான நுட்பம் பிரான்சின் ஃபிரான்ஸ் எபாஷ் நிறுவனத்திடமிருந்து வந்தது. அசெம்பிளி மேஜையில் உட்காரவைக்க நகரத்து ஆட்களைத் தேடவில்லை. சுற்றுவட்டாரத்துக் கிராமத்துப் பிள்ளைகளை, பள்ளிப்படிப்பு முடித்த கையோடு எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ட்வீசர் பிடித்துப் பழக்கமில்லாத விரல்கள்தான், ஆனால் கெட்ட பழக்கமும் இல்லாத விரல்கள். 1990-களில் மைராடா தொண்டு நிறுவனத்தின் முயற்சியில் கிராமத்துப் பெண்களே ‘மெடோ’ என்ற பெயரில் சொந்த நிறுவனம் அமைத்து, டைட்டனுக்கு வேலை செய்து கொடுக்கத் தொடங்கினார்கள்.

2002-ல் வந்த ‘எட்ஜ்’ கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். உள்ளே ஓடும் இயக்கம் 1.15 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லியதைச் செய்ய வேண்டுமானால் அதைச் செய்யும் அச்சுகளையும் கருவிகளையும் முதலில் நீங்களே செய்யத் தெரிந்திருக்க வேண்டும். கடிகாரத்துக்காக வளர்ந்த அந்தக் கருவிப் பட்டறை பிறகு தனி நிறுவனமாகி, இன்று விமானப் பாகங்களும் தானியங்கி அசெம்பிளி இயந்திரங்களும் செய்கிறது. பெரிய ஆலைகளின் டூல் ரூமில் பத்து, பதினைந்து வருடம் நின்றவர்கள்தான் வெளியே வந்து, கடன் வாங்கி ஒரு பழைய லேத்தைப் போட்டு, நாம் முன்பு பார்த்த ஷெட்களின் முதலாளி ஆனார்கள். பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் ஆரம்பம்தான். ஓசூரின் பட்டப்படிப்பு இந்த ஆலைகளுக்குள்ளேயே நடந்தது.

ஆவாரங்கட்டையும் எருக்கிலையும்

கிருஷ்ணகிரி மண்ணுக்கு இரும்போடு உள்ள பந்தம் சிப்காட்டில் தொடங்கியதல்ல. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் கணித்திருப்பதை 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பிறகு தெற்கே சிவகளை அகழாய்வு அதைவிடப் பழைய கணிப்போடு வந்தது, அது தனிக்கதை.

நம் கதைக்கு வேண்டியது எஃகு. கிருஷ்ணகிரி அன்று பாராமகால், பின்னர் சேலம் மாவட்டம். இந்த வட்டாரத்திலும் மைசூர்ப் பக்கமும் கொல்லர்கள் தேனிரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் இட்டு, கூடவே ஆவாரங்கட்டைச் சிராயும் எருக்கிலையும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து உருக்கினார்கள். மரமும் இலையும் கருகிக் கொடுக்கும் கரி இரும்பில் ஏறும். மெதுவாக ஆறவிட்டால் உள்ளே கார்பைடு படிகங்கள் உருவாகும். இதுதான் ஐரோப்பியர்கள் ‘ஊட்ஸ்’ என்று எழுதிய எஃகு.

1795-ல் ஜார்ஜ் பியர்சன் இதைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். 1820-ஐ ஒட்டி மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்யும் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து இந்த எஃகின் ரகசியத்தைத் தேடினார். ஃபாரடே கொல்லர் வீட்டுப் பிள்ளை. என்றாலும் ரகசியத்தை அவர் அலுமினியத்தில் தேடிக்கொண்டிருந்தார். கட்டி எஃகு கப்பலேறி லண்டன் போனது, அதைச் செய்யத் தெரிந்த கொல்லர் போகவில்லை. அதனால் வித்தையும் போகவில்லை. இன்றைக்கும் டிராயிங் மட்டும் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தால் ஷெட்டில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான்.

போனவர் ஒருவர் உண்டு, ஆனால் அவர் கொல்லர் இல்லை. ஜோசயா மார்ஷல் ஹீத் கிழக்கிந்திய கம்பெனியின் மதராஸ் அதிகாரி. சேலம் வட்டார இரும்புத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830-களில் உலை போட்டு, பணத்தைத் தொலைத்தார். நம் கொல்லர்களின் முறையை விரிவாக எழுதிவைத்தவர்களில் அவரும் ஒருவர். இங்கிலாந்து திரும்பிய அவர், எஃகில் மாங்கனீசு சேர்த்தால் பற்றவைக்க ஏற்றதாகிறது, விலையும் குறைகிறது என்று கண்டு 1839-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய முகவரே அதில் ஒரு சின்ன மாற்றம் செய்து, இது வேறு முறை என்று சொல்லிக் காசு கொடுக்காமல் பயன்படுத்தினார். ஷெஃபீல்டு எஃகு முதலாளிகள் ஒன்றுகூடி அதற்குத் துணை நின்றார்கள். பல ஆண்டு வழக்கு. 1855-ல் பிரபுக்கள் அவை ஹீத் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது அவர் உயிரோடில்லை. ஆவாரங்கட்டைக்காரர்களின் கதை அதைவிடச் சுருக்கமானது. அவர்களுக்கு வழக்குப் போடக்கூட யாரும் இல்லை. மலிவான இறக்குமதி இரும்பு வந்தது, உலைகள் அணைந்தன.

இரண்டு ஸ்பார்க் பிளக், 12 வருடம்

ஓசூரிலும் எல்லாம் பக்கத்து ஷெட் சிநேகமாக முடிந்துவிடவில்லை. 2007-ல் டி.வி.எஸ். ‘ஃபிளேம்’ என்ற 125 சி.சி. பைக்கை அறிவித்தது. ஒரே சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக், மூன்று வால்வு. இரட்டைப் பிளக் எங்கள் டி.டி.எஸ்.-ஐ காப்புரிமைக்குள் வருகிறது என்றது பஜாஜ். எங்களுடையது வேறு, ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது என்றது டி.வி.எஸ். 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்காக டி.வி.எஸ். சும்மா இருக்கவில்லை, ஒற்றைப் பிளக்கோடு வண்டியை இறக்கியது. 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்பனைக் கணக்கை வைத்துக்கொண்டு விற்கலாம், காப்புரிமை வழக்குகளை இழுக்காமல் விரைந்து முடியுங்கள் என்றது. விரைந்து முடியவில்லை. இரு தரப்பும் சமரசமானது 2019-ல். அதற்குள் இரு சக்கரச் சந்தையின் பேச்சு பிளக்கிலிருந்து பேட்டரிக்கு மாறத் தொடங்கியிருந்தது.

யார் பக்கம் நியாயம் என்பது சட்டம் படித்தவர்கள் பாடு. என் கண்ணில் படுவது வேறு. இரண்டு பெரிய நிறுவனங்களும் வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி உள்ளவை. ஷெட்காரருக்கு அந்த வசதி இல்லை, அவருக்கு நேர்வதும் வேறு மாதிரியானது. ஒரு பாகத்தை மூன்று செட்டிங்குக்குப் பதிலாக ஒரே செட்டிங்கில் முடிக்கும் ஃபிக்ஸ்சரை அவர் யோசித்துச் செய்கிறார். அதை வந்து பார்த்துப் படம் எடுத்துப் போகும் பெரிய வாடிக்கையாளர், அதே முறையை வேறொரு ஷெட்டுக்குச் சொல்லிக் கொடுத்து, விலையில் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கிறார். சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் தொழில் செய்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தப் புலம்பல் வராமல் இருக்காது. பக்கத்து ஷெட்டுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பவர், இங்கே வயிறு எரிகிறார். இரண்டிலும் வெளியே போனது அறிவுதான். ஒன்றில் நாளை திரும்பி வரும், மற்றதில் வராது. இந்த இரண்டாவதைப் பகிர்வு என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பிரிவு 27

இப்போது வந்திருக்கும் ஆலைகள் வேறு ரகம். போச்சம்பள்ளியில் சுமார் 500 ஏக்கரில் ஓலா எலக்ட்ரிக்கின் ஸ்கூட்டர் ஆலையும், பேட்டரி செல் ஆலையும். ஓசூருக்கு அருகில் ஐபோனின் வெளிக்கூடு செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ். ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வேலை பார்க்கும் இடங்கள் இவை. இந்த வகை ஆலைகளில் கேட்டில் செல்போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதோ, போனையே வாங்கி வைத்துக்கொள்வதோ சகஜம். வேலையும் சின்னச் சின்ன நிலையங்களாக உடைந்திருக்கிறது. பழைய டூல் ரூம் ஆள் ஒரு அச்சைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்து பார்த்தவர். இன்று வேலைக்குச் சேர்கிற பெண்ணுக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு கிடைக்கிறது என்பதைத்தான், எத்தனை பேருக்கு வேலை என்ற எண்ணிக்கையோடு சேர்த்து அரசு கேட்டிருக்க வேண்டும்.

ஷெட்காரர்களுக்கும் கவலை உண்டு. மின் ஸ்கூட்டரில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை. ஓசூர் இத்தனை காலம் சோறு தின்றது இவற்றைச் செய்துதான். மோட்டாரின் கூடு மட்டும் மெல்லிய சுவர் கொண்ட அலுமினிய வளையம். அதைக் கடையும் வித்தை இங்கே ஏற்கெனவே இருக்கிறது, சாஃப்ட் ஜா வரைக்கும். பேட்டரி செல் அப்படியில்லை. அது இயந்திரக்காரரின் வித்தையல்ல, வேதியியல். அதைக் கற்றவர்கள் இன்னும் ஆலைகளுக்குள்ளேதான் இருக்கிறார்கள்.

அவர்கள் ஒரு நாள் வெளியே வருவார்களா? இதற்கு 1872-ல் எழுதிய சட்டம் ஒன்று துணை இருக்கிறது. நியூயார்க் வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்டு எழுதிய ஒரு மாதிரிச் சட்ட வரைவிலிருந்து, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற விதியை அந்த ஆண்டு இரண்டு இடங்கள் எடுத்துக்கொண்டன. ஒன்று கலிஃபோர்னியா, மற்றொன்று பிரிட்டிஷ் இந்தியா. ஒரு கம்பெனியிலிருந்து விலகி அடுத்த தெருவில் போட்டிக் கம்பெனி தொடங்க முடிந்ததுதான் சிலிக்கான் பள்ளத்தாக்கு வளர்ந்ததற்கு முக்கியக் காரணம் என்று 1999-ல் சட்டப் பேராசிரியர் ரொனால்டு கில்சன் வாதிட்டார். அந்த விதி நம்மிடம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவாக இன்றும் இருக்கிறது. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ரகசியக் கோப்பைக் கையோடு எடுத்துப் போனால் அது வேறு விவகாரம், பயிற்சிச் செலவுக்கான பாண்டு பத்திரமும் வேறு. தலைக்குள்ளும் விரலுக்குள்ளும் இருக்கும் வித்தைக்குத் தடை கிடையாது.

வேலையில் சேரும் நாளில் நீட்டும் காகிதக் கட்டில், “இரண்டு ஆண்டுக்குப் போட்டியாளரிடம் சேரமாட்டேன்” என்ற வரி இன்னும் பல இடங்களில் அச்சாகித்தான் வருகிறது. ஹாஸ்டல் அறைக்கான படிவம், பி.எஃப். படிவம், பஸ் பாஸ் படிவம் இவற்றுக்கு நடுவே அதுவும் இருக்கும். கையெழுத்துப் போடுகிறவருக்கு வயது 19, 20. ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் கடைசிப் பருவத்தில் ஒரு வகுப்பு ஒதுக்கி, 27-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீலை அழைத்துப் பேச வைக்கலாம். அதற்கு நிலம் வேண்டாம், மானியமும் வேண்டாம்.